ஒரு பேருக்கு மூன்று காகிதம்

என் மனைவி ரத்னாபாயிடம் ஒருவரை அறிமுகப்படுத்தி வைத்துவிட்டு நிம்மதியாக நகர முடியாது. "எந்த சபை?" என்று தொடங்குவாள். "அம்மாக்க பேரு என்னா? அம்மாக்க அப்பாவை எங்க அடக்கினாங்க?" என்று அடுத்தது வரும். காபி குடிக்க வந்தோமா, விசாரணைக்கு வந்தோமா என்று வந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். கல்யாண வீடுகளில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டதும் ஐஸ்கிரீம் இருக்கிற பக்கமாக ஒதுங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருவனந்தபுரம் கார்ப்பரேஷனில் ஜனன மரணப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் எழுதி எழுதியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றால் மற்றவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க துபாய்க்குப் போவார்கள். இவள் கோயில் கோயிலாகப் போனாள். ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், அடக்கப் புத்தகம், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் பத்திரம், பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டர் என்று பழைய தாள் எங்கே இருக்கிறதோ அங்கே என் மனைவி இருப்பாள். தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு அதைத் தேடிக் கொடுப்பாள்.

எனக்கு ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்தக் கடை. நாள் முழுக்க மிளகாய் நெடியில் கிடக்கிறவனுக்குப் பேச்சும் காரமாகத்தான் வரும். "செத்தவங்களைத் தேடிப் போறியே, உயிரோட இருக்கிற நான் மத்தியானம் என்னத்தைத் திங்க?" என்று கத்தியிருக்கிறேன்.

"குழம்பு அடுப்புல இருக்கு. கை உங்ககிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு தடவை போனக்காடு எஸ்டேட்டிலிருந்து செல்லபாய் என்ற அம்மாள் வந்தாள். பெற்றுப் போட்டதுமே தாய் இறந்துவிட்டாள், தாயின் பேர்கூடத் தனக்குத் தெரியாது என்றாள். ரத்னாபாய் பல தடவை மலையேறி இறங்கி, எஸ்டேட் கோயிலின் அடக்கப் புத்தகத்தில் அந்தப் பேரைக் கண்டுபிடித்து வந்தாள். எங்கள் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு அந்த அம்மாள், "ஞானதீபம்... ஞானதீபம்..." என்று தன் தாயின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எழுபது வயதில் முதல் தடவையாகச் சொல்கிறாள். நான் கடைக்குப் போகிற சாக்கில் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி அப்புறம் கொஞ்ச காலம் நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு ஒரு விதி உண்டு. "ஒரு பேருக்கு மூணு காகிதம் பேசணும். பிறந்தது, கெட்டினது, அடக்கினது. ஒண்ணு மட்டும் பேசினா நான் எழுத மாட்டேன்" என்பாள். அந்த விதியை அவள் ஒரே ஒரு தடவைதான் மீறினாள். அது என் குடும்பத்துக்காக.

இப்போது கேரளத்தில் குடும்ப சங்கமம் நடத்தாத குடும்பம் கிடையாது. எங்கள் ஆட்களுக்கும் அந்த ஆசை வந்தது. ஹால் பிடித்தாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, அதற்குப் பிறகுதான் குடும்பத்தில் யார் யார் உண்டு என்று கண்டுபிடிக்க ரத்னாபாயிடம் வந்தார்கள். தாத்தா பாக்கியநாதன் பாறசாலைப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வந்து கடை வைத்தவர் என்பதோடு எங்களுக்குத் தெரிந்த சரித்திரம் முடிந்தது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார், கேட்கவும் ஆள் இல்லை.

பாறசாலைக்குத் தெற்கே ஒரு பழைய கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ரத்னாபாய் பாக்கியநாதனைப் பிடித்தாள். அதே நாளில் ஞானஸ்நானம் பெற்ற இன்னொரு பிள்ளை ஞானமுத்து. இரண்டு பேருக்கும் தகப்பன் யேசுவடியான் என்று எழுதியிருந்தது. இரட்டைப் பிள்ளைகள்! யேசுவடியான் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தக் கோயில் நிற்கிற நிலத்தையே எழுதிக் கொடுத்தவர். சுவரில் கல்லில் அவர் பேரை வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் கல்லோடு ஒட்டி நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் முகப்படமாக வைத்தேன். ஆரியசாலையில் சாக்கு தூக்குகிறவர்கள் முதல் பக்கத்துக் கடை பட்டாபி வரை எல்லாருக்கும் காட்டினேன். பட்டாபி, "இனிமே உம்ம கடைக்கு வரவா செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும் போலிருக்கே!" என்றார்.

"தாத்தாக்க கலியாணப் புத்தகமும் பாக்கணும்" என்று ரத்னாபாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹால் தேதி வேறு நெருங்கிவிட்டது. ஒரே காகிதத்தை நம்பிக் குடும்ப மரம் எழுதப்பட்டு, ஆளுயர ஃபிளெக்ஸாக அடிக்கப்பட்டது. ஞானமுத்துவின் கிளையில் மட்டும், ஊரை விட்டுப் போனவர் என்று எழுதி, புள்ளி வைத்து விட்டிருந்தாள்.

அப்போது எங்கள் ஒரே மகள் ஜிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரபின் காட்டாக்கடைப் பையன், டெக்னோபார்க்கில் அவளோடு வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்த சம்பந்தம். நிச்சயத்துக்கு முன்னாலேயே ஜிஷா தாயிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "அம்மே, அவங்க வீட்டுல போயி யாரை எங்க அடக்கினீங்கன்னு கேட்கக் கூடாது. ப்ளீஸ்!" ரத்னாபாய் கஷ்டப்பட்டு அந்த வாக்கைக் காப்பாற்றினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

சங்கமத்துக்குச் சம்பந்தி வீட்டாரையும் அழைத்திருந்தோம். பிரபினுக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன் வேதமாணிக்கம்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். நிமிர்ந்த மனிதர், பேச்சும் நிமிர்ந்தே வரும். டீ கிளாஸோடு ஃபிளெக்ஸ் முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் படித்தார். கிளாஸை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"இந்த ஞானமுத்து எனக்கத் தாத்தாவாக்கும்" என்றார்.

நான் மடையன், சந்தோஷப்பட்டேன். "அப்போ நாம ஒரே குடும்பமில்லா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். "ஆமா, ஒரே குடும்பம். உனக்கத் தாத்தாவும் எனக்கத் தாத்தாவும் கூடப் பிறந்தவங்க. நீயும் நானும் பங்காளி. அப்போ பிரபினும் ஜிஷாவும் என்ன முறை வேணும்?"

நான் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எங்களில் கட்டுவார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அண்ணன் தங்கைதான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிக்கை வாசிப்பார்கள், இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று. முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. "பாக்கியை வாசிக்க வேண்டாம்னு போதகர்ட்ட சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வேதமாணிக்கம் பிரியாணியைத் தொடாமல் போய்விட்டார். அவர் பின்னாலேயே பிரபினின் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. "அம்மே, எந்தினா இது செய்தது?" என்று ஜிஷா அழுதாள். ஏன் இப்படிச் செய்தாய் என்கிறாள். அழுகை வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும். போதகர் போனில், சபைச் சட்டப்படி இதில் தடை ஒன்றும் இல்லை, ஆனால் பெரியவர்கள் தடை சொன்ன பிறகு அவர்கள் மனம் ஒத்து வந்தால்தான் மீதியை வாசிக்க முடியும் என்றார். பிரபின் வந்து வாசலிலேயே நின்றான். "ஆன்ட்டி, எங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும். ஆனா எங்கம்மா ஒண்ணும் சாப்பிடல்லை. 'உனக்குத் தங்கச்சி முறை'ன்னு சொல்லிச் சொல்லி அழுறாங்க" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. "செத்தவன் எல்லாம் சும்மாதானட்டி கிடந்தான்? தோண்டி எடுத்து என் மகள் தலையில மண்ணை அள்ளிப் போட்டியே!" என்று கத்தினேன். கத்தியும் அடங்காமல் ஒரு யோசனையும் சொன்னேன். "தப்பா வாசிச்சிட்டேன்னு சொல்லி வேற பேரை எழுது. உன்னை யாரு கேக்கப் போறா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு உறைக்கிறது. "மகளுக்காகப் பொய் எழுதினேன்னா, நான் இது வரை எழுதினது அம்புட்டும் பொய்யாயிரும். செல்லபாய்க்க அம்மை பேரும் பொய்யாயிரும். முறை தப்புன்னா நானே இந்தக் கலியாணத்தை நிறுத்துவேன். ஆனா ஒத்தக் காகிதத்தை நம்பி நிறுத்த மாட்டேன்" என்றாள். ஜிஷா அழுகையை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தம்பானூரில் பஸ் ஏறினோம். நானும்தான் போனேன். மகளுடைய வாழ்க்கை அந்தரத்தில் தொங்கும்போது மல்லி மூட்டைக்கு நடுவில் உட்கார முடியுமா? பழைய கோயிலில் ரத்னாபாய் புத்தகத்தை விரித்து, வரிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். கொஞ்ச நேரத்தில், "எளவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோயிலுக்குள்ளே! சாவி வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச பாருங்க. ஞானஸ்நானம் ஒரே நாளு. பிறந்த நாளைப் பாருங்க."

பார்த்தேன். ஞானமுத்து ஜனவரியில் பிறந்தவர். பாக்கியநாதன் அதே வருஷம் மே மாதத்தில்.

"போதகர் அப்ப எப்பவாவதுதான் இந்தப் பக்கம் வருவாரு. வரும்போது ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஞானஸ்நானம் கொடுப்பாரு. நான் அந்த நாளை மட்டும் பாத்துட்டு இரட்டைன்னு எழுதிட்டேன். நானும் ஒண்ணைப் பெத்தவதானே! ஜனவரியில பெத்தவ மேயில இன்னொண்ணு பெறுவாளா?"

"அப்போ ரெண்டுல ஒண்ணு யேசுவடியானுக்கப் பிள்ளை இல்லை?"

"இல்லை. எதுன்னுதான் பாக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு கள்ள ஆசை ஓடியது. அந்த இன்னொன்று ஞானமுத்துவாக இருக்கட்டும் கர்த்தரே, கல்லில் பேர் உள்ளவரை எனக்கே விட்டுவிடும் என்று நின்ற இடத்திலேயே ஜெபம் பண்ணினேன்.

ரத்னாபாய் அடக்கப் புத்தகத்தை எடுத்தாள். முந்தைய வருஷங்களைப் புரட்டினாள். கிணறு வெட்டும் மாசிலாமணிக்கும் அவர் மனைவி அன்னம்மாளுக்கும் பிறந்த ஒரு கைக்குழந்தை. அடுத்த வருஷம் அதே வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. அதற்கடுத்து இன்னொன்று. மூன்றையும் அடக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றும் புத்தகத்தில் இல்லை, பிறந்ததாகவும் இல்லை, இறந்ததாகவும் இல்லை. ரத்னாபாய் புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"மூணு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவ நாலாவதைக் கையில வச்சுட்டு சும்மா இருந்திருப்பாளா?" என்றாள். "தவிட்டுக்கு வித்திருப்பா."

எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் அப்படிச் செய்வார்கள். பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, அண்டை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தவிட்டை வாங்கிக்கொள்வாள் பெற்றவள். இது என் பிள்ளை இல்லை, அவளுடையது என்று ஊரறியச் சொல்வாள். பால் கொடுத்து வளர்ப்பதெல்லாம் பெற்றவள்தான். பிள்ளையைத் தூக்க வருகிற கேடு, வீடு மாறிவிட்டது என்று ஏமாந்து திரும்பிப் போகுமாம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகும் எங்கள் ஆட்கள் இதை விடவில்லை, போதகர் கண்ணில் படாமல் செய்தார்கள். அசலூர்ப் போதகர் வந்து, இது யாருடைய பிள்ளை என்று கேட்டால் வாங்கினவர் பேரைத்தானே சொல்ல வேண்டும்? பெற்றவர் பேரைச் சொன்னால் விற்றதே வீணாகிவிடும். அவர்கள் சொன்னார்கள், அவர் எழுதிவிட்டார்.

"இது எனக்க நெனப்பு. நெனப்பை வச்சு மகளைக் கெட்டிக் கொடுக்க முடியாது. வாங்க" என்று எழுந்துவிட்டாள்.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு மனுப் போட்டு யேசுவடியானின் பாகப் பத்திரத்தின் நகலை வாங்கினாள். ஆண் மக்கள் அத்தனை பேருக்கும் நிலம் பிரித்திருந்தார். ஞானமுத்துவுக்கு உண்டு. பாக்கியநாதனுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. என் ஜெபத்தில் மண் விழுந்தது. பிறகு எங்கள் நகரத்துக் கோயிலில் பாட்டி சபை சேர்ந்த பக்கத்தைத் தோண்டி எடுத்தாள். மார்த்தாண்டம் பக்கத்து ஒரு சபையிலிருந்து வந்தவள் என்று அதில் இருந்தது. மார்த்தாண்டத்துக்குப் போனோம். அங்கே கலியாணப் புத்தகத்தில் மங்காத மையில் எழுதியிருந்தது: மாப்பிள்ளை பாக்கியநாதன். தகப்பன் பேர் மாசிலாமணி. தகப்பன் தொழில் கிணறு வெட்டு.

ரத்னாபாய் என் தோளில் சாய்ந்து அழுதாள். மகள் பிழைத்தாள் என்கிற சந்தோஷ அழுகை. நானும் அழுதேன். எனக்கு அந்த அன்னம்மாளை நினைத்து அழுகை வந்தது. பிள்ளை பிழைத்துக் கிடந்தால் போதும் என்று, தாய் என்கிற தன் பேரையே விட்டுக்கொடுத்துவிட்டு நின்றவள். அந்தப் பிள்ளை பிழைத்ததால் நான் உண்டு, ஜிஷா உண்டு.

நேரே காட்டாக்கடைக்குப் போனோம். வேதமாணிக்கம் நாங்கள் போனில் எடுத்து வந்திருந்த புத்தகப் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் இளகவில்லை. "மகளுக்காகக் கதை கெட்டிக்கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் ரத்னாபாய் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அண்ணா, ஒண்ணு கேக்கேன். உங்க வீட்டுல ஒரு பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினதாட்டு பேச்சு உண்டா? இல்லைன்னு நீங்க சொன்னா நான் எழும்பிப் போயிருவேன். இந்தக் கலியாணம் வேண்டாம்."

"ஏட்டி!" என்றேன். அந்த மனிதர் வீம்புக்கு 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்ததே! அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வேதமாணிக்கம் எழுந்து போய் முற்றத்தில் காயப் போட்டிருந்த ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா சொல்லுவாரு. எங்க தாத்தா சின்னதுல குறும்பு காட்டினா அவருக்க அம்மை மிரட்டுவாளாம், 'உன்னைக் கிணத்துக்காரன் வீட்டுல விட்டுட்டு அவனைக் கூட்டிட்டு வந்துருவேன், அவனுக்குத்தான் நான் தவிடு கொடுத்தேன்'னு. வெளையாட்டுப் பேச்சுன்னுல்லா நெனச்சோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். உள்ளே திரும்பி, "பிரபினே, அம்மையைச் சாப்பிடச் சொல்லுடே! உனக்கத் தங்கச்சி ஒண்ணும் இல்லை அவ!" என்று கூப்பாடு போட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் அறிக்கை வாசித்தார்கள்.

என் பங்காளிகளுக்குத்தான் வயிற்றெரிச்சல். சங்கமக் கமிட்டி கூடி, "கல்லுல பேர் உள்ளவரை விட்டுட்டு, கிணறு வெட்டினவரையா ஃபிளெக்ஸ்ல மேலே போடணும்?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கும் முதலில் வலிக்காமல் இல்லை, பொய் சொல்வானேன்? ஆனால் அவர்கள் கேட்ட தினுசில் ரத்தம் கொதித்தது. "அவரு வெட்டின கிணத்துத் தண்ணியைக் குடிச்சுத்தான்டே அந்த ஊரு பிழைச்சுது! மாசிலாமணியும் அன்னம்மாளும் எனக்க ஆட்கள். வெட்கமா இருக்கிறவன் மரத்துல இருந்து இறங்கிப் போயிரு, ரத்னா பேரை அழிச்சுத் தருவா" என்றேன். ஒருவனும் இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் கல்லை எடுத்துவிட்டு அந்தக் கலியாணப் பக்கத்தை வைத்தேன். பட்டாபி கேட்டதற்கு, "எனக்குக் கொள்ளுத்தாத்தாவை மட்டுமில்லை வே, கொள்ளுப்பாட்டியையும் கண்டுபிடிச்சுத் தந்தவ எனக்க வீட்டுக்காரி" என்று கடை வாசலிலேயே சத்தமாகச் சொன்னேன்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஜெபம் முடிந்து, பிரபினும் ஜிஷாவும் கலியாணப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியாக வேதமாணிக்கம் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு நிமிர்ந்தார். பெண் வீட்டுச் சாட்சி நான் என்று பேச்சு. பேனாவை வாங்கி ரத்னாபாய் கையில் கொடுத்தேன்.

அவள் எல்லாக் கட்டங்களையும் ஒரு தடவை வாசித்தாள். வேதமாணிக்கத்தின் கையெழுத்தில் வந்து நின்றாள். "அண்ணா, இது யாருன்னு யாருக்குத் தெரியும்? அடியில பேரை முழுசா எழுதுங்க. நூறு வருஷம் கழிஞ்சு எவளாவது பஸ் ஏறி வருவா." கோயில் முழுக்கச் சிரிப்பு. அந்த நிமிர்ந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளையாகக் குனிந்து, பேரை முழுசாக எழுதினார்.

பிறகு அவள் எழுதினாள். ரத்னாபாய். அதோடு நிறுத்தாமல் பேருக்குப் பக்கத்தில் இன்னும் எழுதப் போனாள்.

"உறவு எழுத வேண்டாம் அம்மா, பேர் போதும்" என்றார் போதகர்.

"இல்லை ஐயரே, எழுதணும்" என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி, யாரும் தப்பாக வாசிக்க முடியாதபடி எழுதினாள்: பெண்ணைப் பெற்ற தாய்.

அன்னம்மாளுக்கு எழுதக் கிடைக்காத வார்த்தை அது. நான் எல்லாருக்கும் முன்னால் கை தட்டினேன். கோயிலில் கை தட்டக் கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இன்னும் பலமாகத் தட்டினேன்.